வரிசை இருநூற்றுப் பதினான்கு

கண்டிப் பெரியாஸ்பத்திரியில், மூன்றாம் மாடியில்,
லிப்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு மேசை.
வால்வு மாற்றிய முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்
கணினியில் ஆளுக்கொரு வரிசையாய்ப் படுத்திருக்கிறார்கள்.
வயது, கிரியாட்டினின்,
இதயம் ஒரு துடிப்பில் வெளித்தள்ளும் சதவீதம்,
நெஞ்சு திறந்திருந்த நிமிடங்கள்.
கடைசிக் கட்டத்தில் ஒரே இலக்கம்:
இறந்தால் ஒன்று.
இருந்தால் பூச்சியம்.
ஏன் இப்படி என்று நான் கேட்டதில்லை.

டாக்டர் திசேராவின் கோடு வளைவதில்லை, படியிறங்குகிறது.
ஒவ்வொரு சாவுக்கும் ஒரு படி.
கடிதத்துக்கும் தொலைபேசிக்கும் அகப்படாதவர்கள்
கோட்டின்மேல் சின்னக் கீறல்கள்.
அதுவரை இருந்தார், அப்புறம் தெரியாது,
அவ்வளவுதான் ஒரு கீறலுக்குப் பொருள்.

இருநூற்றுப் பதினான்கு: பெண், நாற்பத்தொன்று,
மைட்ரல், உலோகம்.
பொகவந்தலாவைக்கு மேலே, கீழ்ப்பிரிவு, ஏழாம் லயம்.
லயத்துக்கு இலக்கம் உண்டு, கதவுக்கு இல்லை.
மூன்று கடிதம் போனது தோட்டத்து ஆபீஸுக்கு.
"கீறல் போட்டுடுங்க" என்றார் திசேரா, கோபமில்லாமல்.
என் பிறப்புச் சான்றிதழிலும் கதவிலக்கம் கிடையாது.
ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் பஸ் ஏறினேன்.

பீலியில் துணி அலசிக்கொண்டிருந்தாள் கனகேஸ்வரி.
"உசுரோட இருக்கேனான்னு பாக்கவா
இவ்வளவு தூரம்?"

குனிந்து தேத்தண்ணி ஊற்றும்போது கேட்டது,
டிக், டிக்,
சட்டைக்குள் யாரோ நகம் வெட்டுவதுபோல.
"பரீட்சை ராத்திரியில மகன் சொல்லுவான்,
அம்மா, சத்தத்தக் கொஞ்சம் குறைன்னு."
சிரித்தாள். சிரிப்பில் அது வேகம் பிடித்தது.

ரத்தம் சோதிக்க மாசம் ஒரு தரம்.
போனால் ஒரு பேர் போச்சு, பஸ் காசு தனி.
ரெண்டு மாசத்துக்கு ஒரு தரம் ஆகி,
இப்போ முடிஞ்சா.
"அதுக்காக அளக்காம இருக்கேனா?
மழை மலையில அட்டை கடிக்குது பாருங்க,
கடிவாய் ஒரு வெத்தில மெல்லுற நேரத்துல காஞ்சா
மாத்திரை பத்தல.
கொழுந்து நிறுக்குற வரைக்கும் வடிஞ்சா
மாத்திரை கூடிருச்சு.
கீரையைக் கூட்டுவேன், இல்லேன்னா வண்டி பிடிப்பேன்."

செய்யக்கூடாது என்றேன்.
"தெரியும்" என்றாள், தேத்தண்ணியை என் பக்கம் நகர்த்தி.

"ஒங்க கணக்கு என்ன சொல்லுது?"
சொல்லும் அதிகாரம் எனக்கில்லை. சொன்னேன்.
ஒங்கள மாதிரி நூறு பேர் இருந்தால்
அஞ்சு வருஷத்தில் எண்பது பேர் இருப்பார்கள்.

வாசலுக்கு வந்து லயத்தைப் பார்த்தாள்.
பத்துக் காம்பிரா.
"அதுல ரெண்டு பூட்டிக் கிடக்கும்ங்கிறீங்க."
விரல் ஒவ்வொரு கதவாய்ப் போனது.
"இப்பவே மூணு பூட்டித்தான் கிடக்கு.
கொழும்புல கடைக்கு நிக்கப் போயிட்டாங்க.
அவங்கள எப்புடி எழுதுவீங்க?"

கடைசி பஸ் நாலரைக்கு.
நோர்வூட் தாண்டி வெகுநேரம்
என் காலுறையில் ஓர் அட்டை இருந்தது.
எவ்வளவு நேரத்தில் காய்ந்தது என்று
கடிகாரம் பார்த்தேன், எதற்கென்று தெரியாமல்.

திங்கட்கிழமை.
பூச்சியம் பூச்சியமாகவே இருந்தது.
தேதியை மட்டும் மாற்றினேன்.
அவளுடைய கீறல் வலப்பக்கம்
இருபத்திரண்டு மாதம் நடந்தது.
கூடவே ஒரு நெடுவரிசை சேர்த்தேன்: பஸ் காசு.
ஒரு கட்டத்தில் எண், முந்நூற்றுப் பதினொன்று வெறுமை.
"இப்படி இருந்தா மென்பொருள் தூக்கி எறிஞ்சிடும்" என்றார் திசேரா.
எறியட்டும், நான் அழிக்கவில்லை.

இருநூற்றுப் பதினைந்தைத் திறந்தேன்.
ஆண், இருபத்தொன்பது.
முகவரி: மஸ்கெலியா.
வேறொன்றும் இல்லை.